மருந்தடிக்காமல் பழமரம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பழைய வீடுகளின் பின்புறம் ஒரு மாமரம், ஒரு கொய்யா, கிணற்றடியில் வாழை என்று ஏதாவது இருக்கும். இப்போது புதிதாக வீடு கட்டுகிறவர்களும் 'ரெண்டு மரமாவது வைக்கணும், ஆனால் மருந்தடிக்கக் கூடாது' என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கீழே ஊருக்கு ஒரு பதிலும் மேலே மலைக்கு வேறு பதிலும் தேவைப்படும் இடங்களில் பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

மருந்தே அடிக்காமல் பழமரம் காய்க்குமா?

காய்க்கும். வீட்டுத் தேவைக்கு வளர்ப்பவருக்குச் சந்தேகமே வேண்டாம். சந்தைக்கு அனுப்புகிறவர் தோலில் புள்ளி விழுந்த பழத்தைக்கூடத் தள்ளிவிட வேண்டியிருக்கும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அணிலுக்கும் புழுவுக்கும் கொஞ்சம் போனாலும் மீதி நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தாராளம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கை முறை என்றால் கடை மருந்துக்குப் பதிலாக வீட்டு மருந்து என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 'இந்தப் பூச்சிக்கு எந்தக் கரைசல்?' என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கிறது. மண், தண்ணீர், வெயில், காற்றோட்டம், கவாத்து (வேண்டாத கிளையைக் கழிப்பது) இவை சரியாக இருந்தால் கரைசலுக்கு வேலை கொஞ்சம்தான். இவை சரியில்லாத இடத்தில் பஞ்சகவ்யத்தைக் குடம் குடமாக ஊற்றினாலும் மரம் தேறாது.

இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2008-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் பரவியது. ஜவ்வரிசிக்காக மரவள்ளி போடும் சேலம், நாமக்கல் விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்துப் பார்த்தார்கள். பூச்சியின் மேல் இருக்கும் மெழுகு மாவு மருந்தை உள்ளே விடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 'அசரோஃபேகஸ் பப்பாயே' என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். எறும்பைவிடச் சிறியது, மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். விஷத்தால் முடியாததை அது செய்து முடித்தது. பின்னால் மரவள்ளியைத் தாக்கும் இன்னொரு மாவுப்பூச்சி வந்தபோதும் இதே வழிதான். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவியைத் தருவித்து, 2022-ல் நம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் இப்படிப்பட்ட குளவி, பொறிவண்டு, சிலந்தி எல்லாம் இருக்கின்றன. கண்ணில் படாததால் கணக்கில் வருவதில்லை. மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான். தீமை செய்யும் பூச்சி சீக்கிரம் திரும்பி வந்துவிடும். அதைத் தின்னும் பூச்சி திரும்ப நாளாகும்.

சேலத்தில் எந்த மரம், ஏற்காட்டில் எந்த மரம்?

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஒரு மணி நேரம் போல வண்டி ஓட்டினால் பருவமே மாறிவிடுகிறது. அதனால் மேலே பார்த்துவிட்டு வந்த ஆசையில் கீழே நடுவதும், கீழே காய்த்ததே என்று மேலே நடுவதும் வேண்டாம்.

கீழே மாதான் ராஜா. மல்கோவா, சேலம் குண்டு, இமாம் பசந்த், செந்தூரா, பெங்களூரா எல்லாம் இங்கே நன்றாக வருகின்றன. ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் மல்கோவாவில் எச்சரிக்கையாக இருங்கள். ருசிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு வருஷம் காய்த்தால் அடுத்த வருஷம் ஓய்வெடுக்கும், காய்க்கிற வருஷத்திலும் கொஞ்சமாகத்தான் காய்க்கும். வருஷா வருஷம் ஊறுகாய்க்கும் பழத்துக்கும் வேண்டுமென்றால் பெங்களூரா. கொய்யா, சப்போட்டா, சீத்தா, எலுமிச்சை, மாதுளை, நெல்லி, பப்பாளி, முருங்கை எல்லாம் கீழே கவலையில்லாமல் வரும். அதிலும் சீத்தா நம் கரடுகளில் தானாகவே முளைத்துக் காய்க்கிற மரம். அதற்குப் போய் மருந்தும் உரமும் தேடுவானேன்?

மேலே காபி, மிளகு, பலா, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், பேரி, மலைக்கொய்யா. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபியும் பழமரங்களும் வைத்துப் பழக்கினார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சேதி. மா மேலேயும் வளரும். ஆனால் பூக்கிற நேரத்துப் பனியும் மேகமும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆசைக்கு வைக்கலாம், பழத்துக்கு நம்ப வேண்டாம்.

எங்கள் வீடு கருப்பூர் பக்கம். மண் வெளுப்பாக இருக்குதுங்க, எது வைத்தாலும் இலை மஞ்சளாகிறது. என்ன செய்வது?

சேலத்துக்கென்றே இருக்கும் பிரச்சினை இது. கருப்பூர், செட்டிச்சாவடி, ஏற்காட்டு அடிவாரம் வரை பூமிக்கடியில் மேக்னசைட் படிவம் ஓடுகிறது. சுண்ணாம்புக்கரடு என்று பெயர் வைத்திருப்பதும் அந்த வெள்ளைப்பாறையை வைத்துத்தான். இந்த மண்ணில் மக்னீசியம் அதிகம், காரத்தன்மையும் அதிகம். காரம் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

எந்த இலை மஞ்சளாகிறது என்று உற்றுப் பாருங்கள். கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்புக் குறை. அடியில் இருக்கும் முதிர்ந்த இலை முழுசாக மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இரும்புக் குறைக்கு மண்ணை மாற்றுவதுதான் நிலையான வழி. வருஷத்துக்கு இரண்டு முறை மட்கிய தொழு உரம், மரத்தடியில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கும் முன் மண்ணில் மடக்கி விடுவது, எப்போதும் சருகு மூடாக்கு, அதாவது மண்ணைச் சருகால் மூடி வைப்பது. கால்சியத்துக்கு ஜிப்சம் போடலாம். அது காரத்தை ஏற்றாது. இந்த மண்ணில் சுண்ணாம்பு மட்டும் போட்டுவிடாதீர்கள். மரம் ரொம்ப நொந்து போயிருந்தால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் கொழுந்தில் தெளியுங்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். பூச்சியைக் கொல்லும் விஷமில்லை, குறைந்த சத்தைக் கொடுப்பதுதான். அதைத் தவறென்று நான் நினைக்கவில்லை. மண் தேறியதும் நிறுத்திவிடலாம்.

சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மரம் வைப்பதற்கு முன்பே மண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

ஏற்காட்டு மண்ணுக்கும் இதேதானா?

நேரெதிர். மேலே மழை அதிகம். கால்சியத்தை அடித்துக்கொண்டு போய்விடுவதால் மண் புளித்து, அதாவது அமிலத்தன்மை ஏறிக் கிடக்கும். அங்கே மண்ணைச் சோதித்த பிறகு வேளாண் சுண்ணாம்போ டாலமைட்டோ போட வேண்டியிருக்கும். காபித் தோட்டக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். கீழே ஒருவர் மரத்தைக் காப்பாற்றிய வைத்தியத்தை மேலே அப்படியே செய்யக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஒட்டுக்கன்றா, கொட்டை போட்டு முளைக்க வைத்ததா?

மாவில் ஒட்டுதான். மல்கோவா கொட்டையைப் போட்டால் மல்கோவா வரும் என்ற நிச்சயம் இல்லை. காய்க்கவும் ஆறேழு வருஷம், அதற்கு மேலும் ஆகும். பப்பாளி, சீத்தா, நெல்லி இவற்றை விதையில் வைக்கலாம். ஆனால் நெல்லியும் ஒட்டாக இருந்தால் சீக்கிரம் காய்க்கும்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நர்சரியில் ஆள் உயரத்துக்கு நிற்கும் கன்றைப் பெருமையாக எடுத்துக் காட்டுவார்கள். குனிந்து ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள். மேலும் கீழும் தண்டு ஒரே பருமனாக, வீக்கமோ வெடிப்போ இல்லாமல் பொருந்தியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாடா தண்டை இறுக்கிப் பள்ளம் விழுந்திருந்தால் அந்தக் கன்று வேண்டாம். பையின் அடியைத் தடவுங்கள். வேர் பையைக் கிழித்துத் தரைக்குள் போயிருந்தால், அதைப் பிடுங்கும்போதே ஆணிவேர் அறுந்திருக்கும். பைக்குள்ளேயே வேர் வட்டமாகச் சுற்றிய கன்று, நட்ட பிறகும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முழங்கால் உயரமானாலும் தண்டு திடமாக இருக்கும் கன்று போதும்.

நல்ல இடமென்றால் கருமந்துறை அரசு தோட்டக்கலைப் பண்ணையில் கேட்டுப் பார்க்கலாம். ரகம் மாறிப்போகும் பயம் அங்கே குறைவு.

குழி எவ்வளவு, எப்போது நடுவது?

மாவுக்கு மூன்றடிக்கு மூன்றடி. தோண்டி இரண்டு வாரமாவது வெயிலில் காயவிடுங்கள். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, மட்கிய தொழு உரமும் இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். ஆடி பிறந்து மழை தொடங்கியதிலிருந்து ஐப்பசி வரை நடலாம். ஒட்டு இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். அதை மூடிவிட்டால் அடித்தண்டு அழுகும், அல்லது ஒட்டுக்கு அடியில் இருக்கும் வேர்ச்செடி மேலே வந்து ஒட்டை அமுக்கிவிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளி விடுங்கள்.

முதல் மூன்று வருஷம் வரும் பூவையும் கிள்ள வேண்டும். மனசு கேட்காதுதான். ஆனால் பிஞ்சு வயசில் காய் சுமந்த மரம் பிறகு படர்வதில்லை.

தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், மாமரம் பூக்கவே இல்லை. ஏன்?

தினமும் ஊற்றுவதால்தான். மா பூப்பதற்கு மண் கொஞ்ச நாள் காய்ந்து கிடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் காய்க்கும் வயசுள்ள மரத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். மார்கழி, தையில் பூக்கும். ஈரம் இருந்துகொண்டே இருந்தால் பூவுக்குப் பதில் கொழுந்து தள்ளும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு மறுபடி தண்ணீர் கொடுங்கள், பிஞ்சு உதிர்வது குறையும். தண்ணீரைத் தண்டின் அடியில் ஊற்ற வேண்டாம். கிளையின் நுனி எங்கே முடிகிறதோ அதற்கு நேர் கீழே வட்டப்பாத்தி கட்டி அதில் விடுங்கள். உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆர்.ஓ. மிஷினிலிருந்து வரும் கழிவுத் தண்ணீரை ஊற்றலாமா?

நம் போர்த்தண்ணீர் ஏற்கெனவே உப்பு. மிஷின் அந்த உப்பையெல்லாம் சேர்த்துத்தான் கழிவில் தள்ளுகிறது. தொட்டிச் செடிக்கு ஊற்றவே வேண்டாம். தரையில் இருக்கும் தென்னைக்கு எப்போதாவது, நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி ஊற்றினால் தாங்கும். மொட்டைமாடி மழைத்தண்ணீரைப் பிடித்து மரத்தடிக்குத் திருப்பிவிட்டால், வருஷம் முழுக்கச் சேர்ந்த உப்பை ஒரு நல்ல மழை கீழே இறக்கிவிடும்.

சருகைக் கூட்டி எரிக்கிறோம். அது தப்பா?

தயவுசெய்து எரிக்காதீர்கள். நம் தெருக்களில் காலையில் எழும் அந்தப் புகையைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்தில் பெரும்பங்கு அந்த இலையில்தான் இருக்கிறது. மரத்தடியில் அரையடி உயரத்துக்குப் பரப்பி விடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை ஊறி அழுகும். சித்திரை வெயிலில் அந்தச் சருகை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். வெளியே தரை சுடும்போதும் அடியில் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும், மண்புழு நெளியும். கரையான் வருமே என்று பயப்படுகிறார்கள். கரையான் காய்ந்த சருகைத் தின்ன வருகிறது. தின்ன அது கிடைக்கும்வரை உயிருள்ள மரத்தைப் பெரிதாகச் சீண்டுவதில்லை. இளங்கன்றாக இருந்தால் வேப்பம் புண்ணாக்கு கொஞ்சம் தூவிவிடுங்கள்.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம். எதைச் செய்வது?

மூன்றும் வேண்டியதில்லை. மாட்டுச் சாணம் சுலபமாகக் கிடைக்கிற வீட்டில் ஜீவாமிர்தம் போதும். 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், 200 கிராம் நாட்டுச் சர்க்கரை, 200 கிராம் கொள்ளு மாவோ கடலை மாவோ, மரத்தடி மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்து, காலையும் மாலையும் குச்சியால் ஒரே பக்கமாகக் கலக்கி விடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஈர மண்ணில் ஊற்றிவிட வேண்டும். மகாராஷ்டிரத்து இயற்கை விவசாயி சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறைதான், வீட்டு அளவுக்குக் குறைத்திருக்கிறேன்.

பஞ்சகவ்யம் கொடுமுடி மருத்துவர் நடராஜன் விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தது. பால், தயிர், நெய் எல்லாம் வேண்டும். இரண்டு மரத்துக்காக அவ்வளவு செலவழித்துச் செய்வதைவிடத் தயாராகக் கிடைப்பதை நம்பிக்கையான இடத்தில் வாங்குவது மேல். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லிக்கு மேல் போகக் கூடாது. கூடினால் இலை கருகும். மீன் அமிலம் என்பது மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் போட்டு மூடி வைத்து மூன்று வாரத்துக்கு மேல் ஊறவிடுவது. லிட்டருக்கு 5 மில்லி.

இவை உயிரூட்டும் சரக்கு, உணவுக்கு மாற்றில்லை. சருகும் எருவும் இல்லாத வெறும் மண்ணில் இவற்றை ஊற்றினால், ஊற்றிய நுண்ணுயிருக்கே சாப்பாடு இருக்காது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் மூடாக்கைப் பற்றி அவ்வளவு பேசியதும் இதற்காகத்தான்.

மாம்பூ கருகி உதிர்கிறது, இலையெல்லாம் பிசுபிசுக்கிறது, கரி பூசினாற்போல ஆகிவிட்டது. என்ன நோய்?

ஆரம்பம் தத்துப்பூச்சி. பூத்த மரத்தடியில் நின்று கிளையை லேசாக ஆட்டினால் 'சடசட'வென்று சாம்பல் நிறத்தில் சின்னதாகப் பறந்து முகத்தில் மோதும், அதுதான். பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு, தேன்போன்ற கழிவை இலைமேல் தெளிக்கும். அந்த இனிப்பின்மேல் வளருவதுதான் கரும்பூசணம். பூசணம் இலைக்குள் போவதில்லை, மேலே படிந்து வெயிலை மறைக்கிறது.

கரும்பூசணத்துக்குக் கஞ்சி வைத்தியம் ஒன்று உண்டு, வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைப்பது. ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, மொத்தம் 20 லிட்டராக்கி, வடிகட்டி இலைமேல் தெளிக்க வேண்டும். நல்ல வெயில் நாளாகப் பாருங்கள். கஞ்சி காய்ந்ததும் மெல்லிய தாளாக இலையிலிருந்து உரிந்து விழும், கரியும் அதோடு போய்விடும். அடியில் இலை பளபளவென்று பச்சையாகத் தெரியும். மேகமூட்டத்தில் தெளித்தால் கஞ்சி காயாமல் அதிலேயே பூஞ்சை பிடிக்கும்.

தத்துப்பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் தானாகவே கொட்டும். பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுக்க ஊறவைத்து, பால் வடியும்வரை பிழிந்தெடுங்கள். ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும். வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும். மொக்கு விடும்போதே ஒரு தடவை தெளித்துவிடுங்கள். பூ விரிந்த பிறகு வேண்டாம். ஈயும் தேனீயும் வந்து மகரந்தம் சேர்க்கும் நேரம் அது.

இதையெல்லாம்விட முக்கியம் கவாத்து. அறுவடை முடிந்த கையோடு மரத்தின் நடுவில் அடர்ந்த கிளைகளையும் காய்ந்ததையும் எடுத்து, வெயில் உள்ளே விழும்படி செய்துவிடுங்கள். தத்துப்பூச்சி நிழலும் அடர்த்தியும் தேடி வருவது.

பூவில் வெள்ளைப் பொடி படிந்தால் அது சாம்பல் நோய். மார்கழிப் பனியில் வரும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். இயற்கை வேளாண்மையிலும் கந்தகத்துக்கு இடம் உண்டு.

பழம் பார்க்க நன்றாக இருக்கிறது, அறுத்தால் உள்ளே புழு. வெளியே ஓட்டையே இல்லையே, எப்படிப் போனது?

பழ ஈயின் வேலை. காய் முதிரும் நேரத்தில் தாய் ஈ ஊசிபோன்ற உறுப்பால் தோலைக் குத்தி முட்டை வைத்துவிடும். குத்திய இடம் கடுகளவு புள்ளியாகத் தெரியும், சில சமயம் அதில் துளி சாறு கசிந்து நிற்கும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, பழம் விழுந்ததும் வெளியே வந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. அங்கிருந்து அடுத்த தலைமுறை ஈ கிளம்பும்.

ஆகவே விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள். முதல் வேலையும் முக்கிய வேலையும் இதுதான். உரக்குழியில் அப்படியே போடக் கூடாது, அது ஈ வளர்க்கும் பண்ணையாகிவிடும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி நல்ல வெயிலில் ஒரு வாரம் வைத்தால் புழு வெந்துவிடும், பிறகு உரக்குழியில் போடலாம். மரத்தடி மண்ணை அறுவடைக்குப் பிறகு ஒருமுறை லேசாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலிலும் பறவை வாயிலும் போகும்.

மீத்தைல் யூஜினால் பொறி விவசாயக் கடைகளில் கிடைக்கிறது. காய் முதிரத் தொடங்கும் முன்பே நிழலான கிளையில் தொங்கவிடுங்கள். அது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். பொறி நிறைய ஈ விழுந்திருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். தப்பிய சில ஆண்களே மொத்தப் பெண் ஈக்களுக்கும் போதும். கொய்யாவுக்கும் மாதுளைக்கும் எலுமிச்சை அளவு வந்ததுமே தாள் பையோ பழைய துணிப்பையோ கட்டிவிடுவது நிச்சயமான வழி. பூசணி, பாகல், பீர்க்கு இவற்றைத் தாக்கும் ஈ வேறு. அதற்குக் கியூலூர் பொறி என்று கேட்டு வாங்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் கொய்யா அழுகிக் கிடந்தால் உங்கள் உழைப்பு பாதிதான் பலிக்கும். ஒரு தட்டில் பழம் கொண்டுபோய்க் கொடுத்துப் பேசுங்கள். தெருவே சேர்ந்து பொறுக்கினால் ஒரு பருவத்திலேயே வித்தியாசம் தெரியும்.

கொய்யாவில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. எறும்பு வேறு ஏறுகிறது.

எறும்பை நிறுத்துங்கள், பாதி தீர்ந்தது. மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளைக் கட்டி அதன்மேல் விளக்கெண்ணெயோ கிரீஸோ தடவுங்கள். பக்கத்துச் சுவரையும் கம்பியையும் தொடும் கிளைகளை வெட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்தப் பக்கமாக வரும். பிறகு வேகமான தண்ணீர்ப் பாய்ச்சல், அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் சோப்புக் கரைசலோடு. இலையின் அடியில் வெள்ளை வட்டம் வட்டமாக மெழுகுச் சுருள் இருந்தால் அது 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் தெரியவந்த சுருள் வெள்ளை ஈ. அதற்கு விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையும் தண்ணீர்ப் பாய்ச்சலும் போதும். அதைத் தின்னும் குளவி இயற்கையாகவே பெருகுகிறது.

எலுமிச்சை, கறிவேப்பிலைக் கொழுந்தைப் பச்சைப்புழு தின்கிறது.

கையால் எடுத்துவிடுங்கள். பறவை எச்சம்போல இருப்பதும் அதன் குட்டிதான். வளர்ந்த மரத்தில் அப்படியே விட்டாலும் குடி முழுகாது, வண்ணத்துப்பூச்சியாகப் போய்விடும்.

மரத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். குத்தகைதாரர் கல்டார் ஊற்றுகிறார். அது பரவாயில்லையா?

எனக்கு இதில் சமாதானமே கிடையாது. கல்டார் என்பது பேக்லோபியூட்ரசால். மரத்தின் வளர்ச்சி ஊக்கியை அடக்கி, வலுக்கட்டாயமாகப் பூக்க வைக்கிறது. மண்ணில் ஊற்றினால் நெடுநாள் தங்கும். அளவு மீறினால் கொழுந்து குட்டையாகி, பூங்கொத்து நெருக்கமாகக் குறுகிப்போகும். மரம் வருஷாவருஷம் இளைக்கும். குத்தகைதாரருக்கு இந்த வருஷக் காய் கணக்கு, மரம் உங்களுடையது. ஒப்பந்தத்திலேயே 'கல்டார் கூடாது, காய் பிடித்த பிறகு மருந்து கூடாது' என்று எழுதி வாங்குங்கள். பணம் கொஞ்சம் குறையும். அதற்கு ஒப்புக்கொள்ளும் ஆள் கிடைக்காவிட்டால் காய்ப் பறிப்பை மட்டும் பேசி விடலாம்.

போர்டோ கலவை இயற்கையில் சேருமா?

மேலே காபித் தோட்டங்களில் துரு நோய்க்குத் தலைமுறையாகப் பயன்படுத்துவது. இயற்கை வேளாண்மை விதிகள் அளவோடு அனுமதிக்கின்றன. செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் நானும் அளவோடுதான் சொல்வேன். ஒரு லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம் (செம்பு சல்பேட்), 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு. தனித்தனியே அரை லிட்டரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்பு ஆணி ஒன்றை அதில் கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை; இன்னும் சேர்க்க வேண்டும். அன்றே தெளித்துவிட வேண்டும். கவாத்து செய்த வெட்டுவாயில் இதையே கெட்டியாகக் குழைத்துப் பூசலாம்.

புகையிலைக் கரைசல்?

வேண்டாம். நிகோடின் நல்ல விஷம்; இலையிலிருந்து வந்ததாலேயே அது சாதுவாகிவிடாது. பொறிவண்டும் தேனீயும் சேர்ந்தே சாகும், தெளிப்பவருக்கும் தலைசுற்றும்.

ஏற்காட்டில் ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் திடீரென்று வாடிச் சாகின்றன.

இரண்டுக்கும் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. வேரழுகல் பூஞ்சை நின்ற தண்ணீரில் நீந்திப் பரவுவது. சரிவில் மேடான இடமாகப் பார்த்து, மண்ணை ஒன்றரை அடி குவித்து அதன்மேல் நடுங்கள். மேலே இருந்து வரும் மழைத்தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வேண்டும். ஒரு கூடை மட்கிய எருவில் நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி இரண்டு கைப்பிடி கலந்து, ஈரத்தோடு நிழலில் ஒரு வாரம் வைத்துவிட்டு, மழைக்கு முன் வேரடியில் இடுங்கள். ஆரஞ்சில் இன்னொரு தொல்லை உண்டு. இலை அங்கங்கே ஒழுங்கில்லாமல் மஞ்சள் திட்டாகி, காய் கோணலாகி, அடிப்பக்கம் பச்சையாகவே நின்றால் அது கிரீனிங் நோய். அதற்கு எந்தக் கரைசலும் பலிக்காது. மரத்தை எடுத்துவிட்டு நோயில்லாத கன்றாக வாங்கி நட வேண்டும்.

பட்டர் ஃப்ரூட்டில் பூ காலையில் ஒரு பாலாகவும் இன்னொரு சமயம் மறுபாலாகவும் விரியும். அந்த வரிசை மாறும் இரண்டு வகை மரங்கள் பக்கத்தில் இருந்தால் காய்ப்பு கூடும். திண்டுக்கல் மாவட்டத்துத் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்து டி.கே.டி. 1 ரகம் கிடைத்தால் ஒன்று வையுங்கள்.

குரங்கு எல்லாவற்றையும் பறித்துப் போடுகிறது.

வலை, இல்லையென்றால் கொஞ்சம் முன்னதாகப் பறிப்பது. பலாவுக்குச் சாக்கு கட்டலாம். சுற்றுலா வருகிறவர்கள் தின்னக் கொடுப்பதை நிறுத்தினால் மலைக்காரர்களுக்குப் பெரிய உபகாரம்.

வாடகை வீடு, மொட்டைமாடிதான் இருக்கிறது. பழமரம் வைக்கலாமா?

எலுமிச்சை, மாதுளை, கொய்யா, அத்தி, மல்பெரி இவை பாதியாக வெட்டிய 200 லிட்டர் டிரம்மில் நன்றாகக் காய்க்கும். ஈரமான மண்ணோடு டிரம் நூறு கிலோவைத் தாண்டும். தூணோ பீமோ இருக்கும் இடத்துக்கு மேலே வையுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு. தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பு போக்கிய பிறகே கலக்க வேண்டும். பங்குனியிலிருந்து வைகாசி வரை நிழல்வலை இல்லாமல் சேலத்து மாடியில் வேர் வெந்துவிடும். மாவை டிரம்மில் வைக்கலாம்தான். நாலைந்து பழத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டு மாங்காயைக் கல் போடாமல் எப்படிப் பழுக்க வைப்பது?

கல் என்று கடைத்தெருவில் சொல்வது கால்சியம் கார்பைடு. அதிலிருந்து அசெட்டிலின் வாயு வரும், கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கலாம். பழத்துக்கு அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. நமக்கு அது தேவையே இல்லை.

காய் முதிர்ந்ததற்கு அடையாளம் நிறமல்ல. மல்கோவா பழுத்தும் பச்சை விட்டுப்போகாமல் நிற்கும். காம்பைச் சுற்றித் தோள் உப்பி, காம்பு பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு பழம் தானாகக் கனிந்து விழத் தொடங்கினால் மரம் தயார். துரட்டியில் வலைப்பை கட்டி, காம்பு ஒரு விரல் நீளம் இருக்கும்படி பறியுங்கள். பிறகு காம்பைக் கிள்ளி, காயைக் கவிழ்த்து வைத்துப் பால் முழுக்க வடியவிடுங்கள். பால் பட்ட தோல் கறுத்து, அந்த இடத்திலேயே அழுகல் தொடங்கும். அடிபட்டதைத் தனியே எடுத்து ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்கோல் பரப்பி, காம்புப் பக்கம் கீழாக ஒரே அடுக்காக வைத்து, மேலே மறுபடி வைக்கோல். சீக்கிரம் வேண்டுமானால் பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் கூடவே வையுங்கள், அது விடும் எத்திலின் வாயு மாங்காயையும் கனிய வைக்கும். நாலைந்து நாளில் மூடியைத் திறக்கும்போதே வாசனை சொல்லிவிடும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. கனிந்ததை எடுத்துக்கொண்டு மீதியை மூடி வையுங்கள்.